காராமணிச் செடியும் குலக்கல்வியும்

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவில் இருக்கும் என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு உயிரியலை வேளாண்மை வழியாகப் படிக்கிறாள். செல் பாடம் விதையில் தொடங்குகிறது, மரபியல் மாட்டில். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் இதை ஆய்வக அறிவியலாகவே ஏற்றுக்கொள்கின்றனவாம். என் மகன் இங்கே ஒன்பதாவது. இப்படியொரு பாடம் சென்னையில் வந்தால் நீட்டுக்கு உதவுமா? பள்ளிகள் நிலத்துக்கு எங்கே போகும்? என் கணவர் "மறுபடியும் குலக்கல்வியா?" என்கிறார்.

எஸ்., அம்பத்தூர்

அன்புள்ள எஸ்.,

நீட் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எதைச் சொன்னாலும் அதற்கு உதவுமா என்று கேட்பவர்களைப் பார்த்தால் கோபம்கூட வருவதில்லை, அலுப்புதான். நிலமும் ஒரு பிரச்சினையில்லை, மொட்டைமாடியில் பத்துப் பை மண் போதும். உங்கள் கணவர் கேட்டதுதான் கேள்வி. நானும் கொஞ்ச நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சந்தேகத்தைக் கேலி செய்யாதீர்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி. மீதிப் பொழுதில் அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதனால்தான் அதைக் குலக்கல்வி என்றார்கள். துணி வெளுப்பவர் பிள்ளை எதைக் கற்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரியார் எதிர்த்தார், காங்கிரஸுக்குள்ளேயே எதிர்த்தார்கள், 1954இல் காமராஜர் வந்ததும் திட்டம் போயிற்று. அந்த ஞாபகம் இங்கே இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். அந்தத் திட்டம் பிள்ளையிடமிருந்து பாடத்தைப் பிடுங்கிக்கொண்டு தொழிலைக் கொடுத்தது. உங்கள் அக்கா மகளுக்கு வயலிலிருந்தே பாடத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். குலக்கல்வியின் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் படித்த மேல்நிலைப் பள்ளியைப் பார்த்திருக்க வேண்டும். பத்தாவதில் மார்க் குறைந்தவர்களை வேளாண் தொழிற்கல்விப் பிரிவில் தள்ளிவிடுவார்கள். 'மம்பட்டி குரூப்' என்று பெயர். நாங்கள் ஃபர்ஸ்ட் குரூப், அவர்களோடு பேசவே மாட்டோம்.

எங்கள் தாவரவியல் ஆசிரியர் வராத ஒரு பீரியடில் அவர்களுடைய வாத்தியார் எங்களையும் சேர்த்துப் பின்புறத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒரு காராமணிச் செடியை மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசி, வேரில் மிளகளவு ஒட்டியிருந்த முடிச்சை நகத்தால் கிள்ளினார். உள்ளே ரத்தச் சிவப்பு. என்ன இது என்றார். மம்பட்டி குரூப் பையன் ஒருவன், "செவப்பா இருந்தா வேலை செய்யுது சார், பச்சையாயிட்டா அவ்ளோதான்" என்றான். அந்தச் சிவப்பின் பெயரை லெக்ஹீமோகுளோபின் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்த நாங்கள் வாயே திறக்கவில்லை.

அந்தச் சிவப்பு நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரன். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், ஆனால் செடியால் அதை நேரடியாகத் தொட முடியாது. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாதான் அதைப் பிரித்துக் கொடுக்கிறது. பிரிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். அதை அளந்து கொடுப்பதுதான் சிவப்பின் வேலை. இதே நைட்ரஜனிலிருந்து யூரியாவுக்கான அம்மோனியாவைத் தொழிற்சாலையில் செய்ய 400 டிகிரி வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல 100 மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து மணலி எவ்வளவு தூரம்? அங்கே யூரியா செய்கிறார்கள். இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. இதையா மார்க் குறைந்தவனுக்கென்று ஒதுக்கி வைத்தோம்?

இயற்கைப் பண்ணைக்கு ஒருநாள் பஸ்ஸில் கூட்டிப்போய், கையில் மண்வெட்டியோடு போட்டோ எடுத்து அனுப்புகிற பள்ளிகளை நான் சொல்லவில்லை. அது பிக்னிக். ஃபர்ஸ்ட் குரூப் உட்பட எல்லோருக்கும், அறிவியல் என்ற பெயரிலேயே, பரீட்சையோடு வரட்டும். சில பிள்ளைகளுக்கு மட்டும் என்று வந்தால் உங்கள் கணவரோடு நானும் தெருவுக்கு வருகிறேன்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். இரண்டு பைகளில் காராமணி போடச் சொல்லுங்கள். ஒன்றில் கடையில் வாங்கிய தேங்காய் நார்க்கழிவு மட்டும். இன்னொன்றில் அதோடு, பயறு விளைந்த நிலத்து மண் இரண்டு கை. செங்குன்றம் பக்கம் போகிறவர்கள் யாரிடமாவது கேளுங்கள். பூவிடும்போது இரண்டையும் பிடுங்கி வேரை அலசிப் பார்க்கட்டும். முதல் பையில் முடிச்சே இல்லாமல் போகலாம். ஏன் என்று நீங்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அப்புறம் எனக்கு எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டாம், அவன் எழுதட்டும்.