எடை ஏற்றும் பந்தயக் கார்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2024ஆம் ஆண்டு பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் முதலாவதாக வந்த ஜார்ஜ் ரஸ்ஸலின் வெற்றி, அவருடைய கார் ஒன்றரைக் கிலோ குறைவாக இருந்தது என்பதற்காகப் பறிக்கப்பட்டது. எடையைக் குறைப்பதற்கென்றே கோடிக்கணக்கில் செலவிடும் ஒரு விளையாட்டில் இது என்ன நியாயம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நியாயம்தான். அந்த ஆண்டு விதிப்படி ஃபார்முலா 1 கார், ஓட்டுநரையும் சேர்த்து, எரிபொருள் நீங்கலாக 798 கிலோவுக்குக் குறையக் கூடாது. ரஸ்ஸலின் கார் முதலில் சரியாக 798 காட்டியது. தொட்டியில் எஞ்சியிருந்த 2.8 லிட்டர் எரிபொருளை இறக்கிய பிறகு 796.5 கிலோதான் நின்றது. பந்தயம் முழுவதற்கும் ஒரே ஒரு முறைதான் டயர் மாற்றினார் என்பதால், தேய்ந்து போன ரப்பரும் இந்தக் குறைவுக்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பத்துக் கிலோ எடை ஒரு சுற்றில் ஏறத்தாழ 0.3 விநாடியைத் தின்றுவிடும் என்பது அத்துறையினர் கைக்கணக்கு. ஒன்றரைக் கிலோ தொடக்கம் முதலே குறைந்திருந்தால், பந்தயம் நடந்த ஸ்பா ஓடுதளத்தின் 44 சுற்றுகளில் இரண்டு விநாடி வரை கிடைத்திருக்கும். அவர் இரண்டாவதாக வந்த ஹாமில்டனை முந்தியதோ அரை விநாடி இடைவெளியில்.

இந்த எல்லை இல்லாவிட்டால் குழுக்கள் காரை இளைக்க வைத்ததோடு நிற்காமல் ஓட்டுநரையும் இளைக்க வைத்திருக்கும். காருக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்தே எல்லை இருந்தபோதுகூட உண்மையில் அது நடந்தது. உயரமான ஓட்டுநர்கள் பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்த காலம் ஒன்று இருந்தது. 2019இல் ஓட்டுநர், இருக்கை, உடை ஆகியவற்றுக்குத் தனியாக 80 கிலோ என்று வரையறுத்து, அதற்குக் குறைவானவர்கள் மீதியை எடைக்கட்டிகளால் நிரப்ப வேண்டும், அதையும் இருக்கையை ஒட்டியே பொருத்த வேண்டும் என்று விதித்த பிறகுதான் அந்தக் கொடுமை அடங்கியது. மெலிந்த ஓட்டுநரின் குழு மிச்சமான எடையைக் காரில் தனக்குச் சாதகமான இடத்தில் வைத்துக்கொள்ளும் வழியும் அதனால் அடைபட்டது. மோட்டார் பந்தய விதிகளில் இதைவிட மனிதநேயமான ஒன்றை நான் அறியேன்.

கேள்வி: வார இறுதிகளில் கிளப் பந்தயங்களில் பழைய மாஸ்டா மியாட்டா என்ற சிறிய இரண்டு இருக்கைக் கார் ஓட்டுகிறேன். நான் ஒல்லியான உடல்வாகு கொண்டவன் என்பதால், என்னோடு சேர்த்து எடை போடும்போது என் பிரிவுக்கான குறைந்தபட்ச எடைக்கு 26 கிலோ போதவில்லை. எதை, எங்கே வைப்பது?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: இரும்புக் கட்டியைத் தேடுவதற்கு முன்னால், அந்த எடையைப் பயனுள்ளதாக ஆக்க முடியுமா என்று பாருங்கள். உறுதியான இருக்கை, நல்ல தீயணைப்பு அமைப்பு, விதி இடம் தந்தால் ரோல் கேஜில் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டில்) கூடுதலாக ஒரு குழாய் ஆகியவை எடையோடு பாதுகாப்பையும் கூட்டும். அப்படியும் மிஞ்சுவதற்கு மட்டும் கட்டி வையுங்கள்.

முழு 26 கிலோவுக்குமே கட்டிதான் வழி என்றால், இரும்புத் தகடே போதும். 30 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள தகடு ஒன்று ஏறத்தாழ 9.4 கிலோ இருக்கும்; மூன்று தகடுகள் 28 கிலோவைத் தாண்டிவிடும். உபரியாக நிற்கும் இரண்டு கிலோ வீணல்ல. டயர் தேயும், வியர்வையில் உங்கள் எடையும் குறையும். பந்தயம் முடிந்து எடை மேடையில் ஏறும்போது அது கைகொடுக்கும். டங்ஸ்டன் இதே எடைக்குப் பாதி இடம்கூடப் பிடிக்காது என்றாலும், உங்கள் காரில் இடத்துக்குப் பஞ்சமில்லாதபோது அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை. ஈயத்தைத் தவிருங்கள். அது மென்மையானது, அதிர்வில் போல்ட் துளை விரிந்து இறுக்கம் தளரும், நஞ்சும்கூட.

வைக்கும் இடம் பயணி இருக்கைப் பக்கத்துத் தரை. உங்கள் ஊர்க் காரில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வதால், வலப்பக்கத் தரையில் வைக்கும் எடை அவருக்கு ஈடுகொடுக்கும். தாழ்வாகவும் காரின் நடுப்பகுதிக்கு அருகிலும் இருக்கும். வசதியாக இருக்கிறதே என்று பின்பக்க டிக்கியில் போட்டுவிடாதீர்கள். கார் வளைவில் திரும்புவதை எடை எதிர்க்கும் அளவு, மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்கிறது. அரை மீட்டர் தூரத்தில் இருந்த கட்டியை ஒன்றரை மீட்டருக்குத் தள்ளினால் அந்த எதிர்ப்பு ஒன்பது மடங்காகிவிடும்.

பொருத்துவதில்தான் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள்; எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுவே. மோதலில் கார் புவியீர்ப்பைப் போல் இருபது மடங்கு வேகக்குறைவைச் சந்தித்தால், 28 கிலோத் தகடு 560 கிலோ விசையோடு முன்னே பாயப் பார்க்கும். காரின் தரைத் தகடோ மிக மெல்லியது. வெறும் போல்ட்டும் சிறு வாஷரும் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். எனவே தரைக்கு அடியில் அகலமான தாங்கு தகடு ஒன்று வைத்து, மேலிருந்து தகடுகளை ஊடுருவிச் செல்லும் உயர்தர போல்ட்டுகளைப் போட்டு, தளராத பூட்டு நட்டுகளால் முறுக்குங்கள். போல்ட்டின் அளவும் எண்ணிக்கையும் உங்கள் கிளப்பின் விதிப்புத்தகத்தில் சொல்லப்பட்டிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள்.

பிறகு நீங்கள் இருக்கையில் அமர்ந்த நிலையில் நான்கு சக்கரங்களையும் தனித்தனித் தராசுகளில் நிறுத்திப் பாருங்கள். இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் சுமக்கும் கூட்டுத்தொகை, மொத்த எடையில் பாதியை ஒட்டி வரும்வரை ஸ்பிரிங் உயரங்களைச் சரிசெய்யுங்கள். அப்போதுதான் கார் இரு பக்கத் திருப்பங்களிலும் ஒரேமாதிரி நடந்துகொள்ளும்.

கேள்வி: வென்றவர் காரில் அடுத்த பந்தயத்துக்கு எடை ஏற்றுவது திறமைக்குத் தண்டனை அல்லவா?
– வாசகர், மதுரை

பதில்: எனக்கும் இந்த வழக்கத்தில் உடன்பாடில்லை. ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடரில் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு கிலோ என்று ஏற்றி, கடைசிக்கு முந்தைய பந்தயத்தில் பாதியாக்கி, கடைசிப் பந்தயத்தில் முழுதும் இறக்கிவிடும் வழக்கம் போட்டியை விறுவிறுப்பாக்கியது உண்மை. ஆனால் மாறுபட்ட வடிவமைப்புள்ள கார்களைச் சமப்படுத்த ஜிடி3 என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிரிவில் எடையைக் கூட்டுவதும், நன்றாக ஓட்டியதற்காகக் கூட்டுவதும் ஒன்றல்ல. பிரிட்டிஷ் டூரிங் கார் தொடர் 2022இல் எடை ஏற்றுவதைக் கைவிட்டது. ஆனாலும் வெற்றி பெறுபவருக்கு ஹைப்ரிட் சக்தியை (மின்மோட்டார் தரும் கூடுதல் சக்தியை) குறைக்கும் முறைக்குத்தான் மாறியது.

கேள்வி: மணல் மூட்டையோ தண்ணீர்க் கேனோ வைத்தால் ஆகாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆகாது. மூட்டை நகரும், தண்ணீரை வழியில் கொட்டிவிடலாம். 1982 பிரேசில் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டுநர்கள் பிக்கேயும் ரோஸ்பெர்க்கும் முதல் இரண்டு இடங்களை இழந்தது இப்படித்தான். பிரேக்கைக் குளிர்விக்க என்று சொல்லி எடுத்துச் சென்ற தண்ணீரை ஓட்டத்தில் வெளியேற்றி, எடை பார்க்கும் முன் மீண்டும் நிரப்பிக்கொண்டார்கள். 1984இல் டிர்ரெல் குழு, பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் தண்ணீரோடு ஈயக் குண்டுகளையும் தொட்டியில் ஏற்றியது. அந்த ஆண்டின் சாம்பியன்ஷிப்பிலிருந்தே நீக்கப்பட்டது. கூடுதல் எடை, ஒன்றோ பலவோ, உறுதியான முழுக் கட்டியாக, கருவியின்றிக் கழற்ற முடியாதபடி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், சோதனையாளர் முத்திரையிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் பொது விதி கேட்பது இத்தகைய தந்திரங்களுக்கு இடமில்லாமல் செய்யத்தான்.