வல்லாரைச் சாற்றுக்கு வளையம் வரவில்லையென்றால்

தங்கச்சி, வல்லாரை புண்ணை ஆற்றுமா என்ற உங்கள் ஆய்வுக்காக, திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய வல்லாரையைச் சாறு பிழிந்து, பற்றீரியா வளர்க்கும் ஏகார் கூழ்த் தட்டில் விட்டும் சாற்றைச் சுற்றித் தெளிவான வளையம் வரவில்லை, ஆய்வுத் தலைப்பையே மாற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். அந்த வளையம் பற்றீரியா வளராமல் தடைப்பட்டதா என்பதை மட்டும்தான் காட்டும், புண் ஆறுமா என்பதை அல்ல. வல்லாரையில் உள்ள ஆசியாட்டிகோசைட் என்ற சேர்மம் பேர்பெற்றது கிருமியைக் கொல்வதற்காக இல்லை, தோற்கலங்கள் கொலாஜன் என்ற, தோலுக்கு உறுதி தரும் புரதத்தை உருவாக்குவதைத் தூண்டுவதற்காக. புண் ஆறும்போது போலக் கலங்கள் நகர்ந்து இடைவெளியை மூடுகின்றனவா என்று பார்க்கக் கீறல் சோதனை பொருத்தம். கலங்கள் படர்ந்த தட்டில் பிப்பெற் (திரவம் அளந்து விடும் குழாய்) நுனியால் ஒரு கோடு கிழித்துவிட்டு, அந்த இடைவெளி மூடிவருவதை 0, 24 மணியில் படமெடுத்து அளப்பார்கள். மேற்பார்வையாளரிடம் கல வளர்ப்பு வசதி பற்றிக் கேளுங்கள்.

அப்புறம், பச்சைச் சாறு ஒவ்வொரு கட்டுக்கும் மாறும். ஒரே இடத்து இலையை நிழலில் உலர்த்தி, எதனோலில் ஊறவைத்து வடியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, எதனோல் மட்டும் விட்ட தட்டு ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். செடியின் அடையாளத்தை உறுதிப்படுத்த, கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் படிப்பிக்கும் இடத்தில் விசாரியுங்கள். வீட்டில் ஆருடைய புண்ணிலும் பூசிப் பார்க்க வேண்டாம், முக்கியமாக சலரோகக்காரரின் காலில். எலியில் செய்வதற்கே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.