தாறுமாறான துடிப்பிலும் தாளத்தை அளக்கலாம்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில், இதயத் துடிப்பு பற்றியவற்றுக்கு இம்முறை பதில் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர்: ஈசிஜி எடுத்துவிட்டு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். ஒழுங்கில்லாத துடிப்பில் அளப்பதற்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது ஐயா. இந்நோயில் இதயத்தின் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 மின்துடிப்புகள் வரை எழும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே வாயிற்காவலர்போல் இருக்கும் ஏவி கணு, அவற்றில் சிலவற்றை மட்டுமே கீழறைகளுக்கு விடுகிறது. எப்போது விடும் என்பதற்குக் கணக்கில்லை. மணிக்கட்டில் விரல் வைத்தால் தெரியும் தாறுமாறு அதுதான். ஆனால் மேலறைக்குள் எல்லா இடமும் ஒன்றுபோல் குழம்பிக் கிடப்பதில்லை. கோயில் திருவிழாவில் நான்கு உறுமி மேளக் குழுக்கள் ஒரே சந்திப்பில் நின்று அடித்தால் நடுவில் நிற்பவருக்கு இரைச்சல்தான். ஒரு குழுவின் பக்கம் போய் நின்றால் அதன் தாளம் பிடிபடும். தொடைச் சிரை வழியாக மின்முனைக் குழாயைச் செலுத்தி, இதயத்துக்குள் இடம் இடமாகக் காது வைப்பது இதற்காகவே.

படிவம் ஆறு மாணவர்: அதை எப்படி எண்ணாக்குகிறார்கள்?

தம்பி, பதிவான மின்குறிகையை (சிக்னலை) ஃபூரியே என்ற கணித முறையில் அதிர்வெண்களாகப் பிரிப்பார்கள். மிக உயர்ந்த முகடுதான் முதன்மை அதிர்வெண். இந்நோயில் பெரும்பாலும் 4 முதல் 9 ஹெர்ட்ஸ். அந்த முகட்டையும் அதை ஒட்டிய குறுகிய பட்டையையும் சேர்த்த ஆற்றலை, மொத்த ஆற்றலால் வகுத்தால் ஒழுங்குக் குறியெண் கிடைக்கும். 1-ஐ நெருங்கினால் ஒரே தாளம். 0.2-க்குக் கீழே போனால், அந்த இடத்தின் முதன்மை அதிர்வெண்ணையே நம்பாமல் ஒதுக்கிவிடும் ஆய்வுகள் உண்டு. வேகம் வேறு, ஒழுங்கு வேறு என்பதை மறந்துவிடாதே. படுவேகமாகவும் சீராக அடிக்கலாம். 2000-இல் ரிச்மனும் மூர்மனும் முன்வைத்த சாம்பிள் என்ட்ரோபி இன்னொரு வழி. குறிகையில் ஒத்திருக்கும் இரு துண்டுகள் அடுத்த புள்ளியிலும் ஒத்துப்போகின்றனவா என்று அது பார்க்கிறது. எண் குறையக் குறைய ஒழுங்கு கூடுதல்.

பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர்: இந்த எண்ணைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்களா?

இல்லை அக்கா. நுரையீரல் சிரைகளிலிருந்து இந்நோய் தூண்டப்படுவதை 1998-இல் பிரான்சின் ஹைசகேர் குழு காட்டியது. கோளாறான துடிப்பைக் கிளப்பும் திசுவைச் சுட்டோ உறையவைத்தோ செயலிழக்கச் செய்வது நீக்கச் சிகிச்சை (அப்லேஷன்); அச்சிரைகளிலிருந்து மின்துடிப்பு மேலறைக்கு வராமல் தனிமைப்படுத்துவதே இன்றும் அதன் அடித்தளம். இந்த எண்கள் பெரும்பாலும் ஆய்வுக்கே உதவுகின்றன. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை, வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு பக்கவாதம் வந்ததா என்பன போன்றவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். படபடப்பு அடங்கிவிட்டது என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூளைக்குப் போகும் இரத்தக் கட்டி சொல்லிக்கொண்டு வராது.

இன்னொருவர்: எனக்கும் இதே நோய். வீட்டு இரத்த அழுத்தக் கருவி ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறது. பழுதா?

இந்நோயில் அப்படித்தான் காட்டும். மூன்று முறை எடுத்து, சராசரியை எழுதி மருத்துவரிடம் கொண்டு போங்கள்.