பீர் பீப்பாய் அளவுக்குக் கட்டிய ரயில் நிலையம்: லண்டன் செயின்ட் பேன்க்ராஸ் பற்றிய கேள்வி பதில்

செயின்ட் பேன்க்ராஸ் வழியாகத்தான் பல வருஷமாக வேலைக்குப் போய் வருகிறேன். ரயில் தாமதமான நேரமெல்லாம் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தும் அதைப் பற்றிப் படித்துமே கழிந்தது. அதனால் கேட்டவர்களுக்கு என்னால் முடிந்த பதில்.

கேள்வி (திருச்சி): சார், ஒரு தெரு தாண்டினால் கிங்ஸ் கிராஸ் நிலையம் இருக்கிறதே. பக்கத்திலேயே எதற்கு இன்னொன்று?

அப்போது ரயில்வே தனித்தனி கம்பெனிகளின் கையில் இருந்தது, அவர்களுக்குள் ஓயாத போட்டி. கிங்ஸ் கிராஸ் 1852-ல் கிரேட் நார்தர்ன் கம்பெனி கட்டியது. டெர்பியைத் தலைமையிடமாகக் கொண்ட மிட்லண்ட் கம்பெனிக்கு லண்டனுக்குள் சொந்தப் பாதை இல்லை. காசு கொடுத்து கிரேட் நார்தர்ன் தண்டவாளத்தில் வண்டி விட்டார்கள். 1862-ல் லண்டனில் சர்வதேசக் கண்காட்சி நடந்தபோது நெரிசல் தாங்கவில்லை. வீட்டுக்காரர் வண்டி போன பிறகுதானே குடித்தனக்காரர் வண்டி போகும்? இனி சரிப்படாது என்று பெட்ஃபோர்டிலிருந்து சொந்தப் பாதை போட்டார்கள். 1868 அக்டோபர் 1-ல் செயின்ட் பேன்க்ராஸ் திறந்தது.

கேள்வி (சிங்கப்பூர்): பிளாட்பாரம் ஏன் மாடியில் இருக்கிறது? சூட்கேஸோடு ஏறி இறங்கி இடுப்பு ஒடிந்தது.

உங்கள் இடுப்புவலிக்குக் காரணம் ஒரு கால்வாய். நிலையத்துக்கு வடக்கே ரீஜன்ட்ஸ் கால்வாய் குறுக்கே ஓடுகிறது. கிங்ஸ் கிராஸ் ரயில்கள் அதற்கு அடியில் சுரங்கம் வழியாக வரும். மிட்லண்ட்காரர்கள் மேலே பாலம் போட்டார்கள். மேலே வந்த தண்டவாளத்தைச் சட்டென்று கீழே இறக்க முடியாதே, அதனால் பிளாட்பாரமும் தெருவுக்கு ஒரு மாடி உயரத்தில் நின்றுவிட்டது.

அடியில் மண்ணைக் கொட்டி நிரப்பியிருக்கலாம். பொறியாளர் வில்லியம் பார்லோ அப்படிச் செய்யவில்லை. 800-க்கும் மேற்பட்ட வார்ப்பிரும்புத் தூண்களை நட்டு, கீழ்த்தளத்தைக் கிடங்காக்கினார். மிட்லண்ட் பாதையில்தான் பர்ட்டன் ஊர் இருக்கிறது, பீருக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வரும் பீப்பாய்களை அடுக்கத்தான் இந்த இடம். தூணுக்குத் தூண் சுமார் 14 அடி 8 அங்குலம். அந்த இடைவெளியே பீப்பாய்க் கணக்கில் வைத்ததுதான்; பார்லோவே அப்படிச் சொல்லியிருக்கிறார்.

நிலையத்தின் கூரை அமைந்த விதத்துக்கும் இதுதான் வேர். கூரையைத் தாங்க நடுவில் தூண் வைத்தால், கீழே அதற்குத் தனி அஸ்திவாரம் வேண்டும், பீப்பாய் வரிசை கெடும். சரி, நடுவில் தூணே வேண்டாம் என்று 73 மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாவினார். உச்சியில் 30 மீட்டர் உயரம், நீளம் 210 மீட்டர். அன்றைக்கு உலகிலேயே அகலமான ஒற்றை வளைவுக் கூரை. வளைவின் கால்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும் இல்லையா? அவற்றை இழுத்துப் பிடிப்பது பிளாட்பாரத்துக்கு அடியில் ஓடும் இரும்பு உத்தரங்கள். கூரை வில் என்றால், நீங்கள் சூட்கேஸோடு நின்ற தரைதான் நாண்.

கேள்வி (சென்னை): முகப்பில் இருக்கும் ஓட்டல், அரசாங்கம் நிராகரித்த வெளியுறவு அலுவலகத்தின் வரைபடம்தானாமே?

நல்ல கதை, ஆனால் உண்மை இல்லை. ஓட்டலை வடிவமைத்த கட்டடக்கலைஞர் கில்பர்ட் ஸ்காட், வெளியுறவு அலுவலகத்தை, கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணியில் கட்ட ஆசைப்பட்டார். பிரதமர் பாமர்ஸ்டன் பிடிவாதமாக மறுத்ததால் இத்தாலியப் பாணியில் கட்ட வேண்டியதாயிற்று. அந்த மனக்குறையை இங்கே தீர்த்துக்கொண்டதாக ஸ்காட்டே பின்னாளில் எழுதினார். தீர்த்துக்கொண்டது குறையைத்தான், பழைய வரைபடத்தை அல்ல.

மிட்லண்ட் கிராண்ட் ஓட்டல் 1873-ல் திறந்தது. கிட்டத்தட்ட 300 அறைகள், தண்ணீர் அழுத்தத்தில் ஏறும் லிஃப்ட், தங்க முலாம், வளைந்தேறும் பெரிய படிக்கட்டு. குளியலறைகள் மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம்! வேலைக்காரர்கள் வெந்நீரை அறைக்கு அறை தூக்கிப் போனார்கள். அறைக்கு ஒரு குளியலறை என்ற வழக்கம் வந்தபோது, தீப்பிடிக்காமலிருக்கப் போட்ட கனத்த கான்கிரீட் தளங்களைக் குடைந்து குழாய் கொண்டுபோவது பெரும்பாடு. 1935-ல் மூடிவிட்டார்கள். அப்புறம் ரயில்வே அலுவலகம். மறுபடி ஓட்டலானது 2011-ல்.

கேள்வி (மதுரை): அதற்கு முன் அங்கே என்ன இருந்தது?

ஏழைகளின் வீடுகளும் கல்லறைகளும். ஏகர் டவுன் என்ற குடியிருப்பு, சோமர்ஸ் டவுனில் ஒரு பகுதி, எல்லாம் இடிபட்டன. குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு தர வேண்டும் என்று அன்றைக்குச் சட்டம் இல்லை, தரவும் இல்லை. கம்பீரமான கட்டடம் என்று வாய் பிளக்கிறபோதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

பழைய செயின்ட் பேன்க்ராஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம் வழியாகவும் தண்டவாளம் போனது. ஆயிரக்கணக்கான உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். அந்த வேலையை மேற்பார்வை பார்க்க அனுப்பப்பட்ட இளம் கட்டடக்கலை உதவியாளர் தாமஸ் ஹார்டி, பின்னாளில் பெரிய நாவலாசிரியர். ஒரு சவப்பெட்டி உடைந்து விழுந்தபோது உள்ளே ஓர் எலும்புக்கூடு, இரண்டு மண்டையோடு. பல வருஷம் கழித்துச் சந்தித்தபோதும் அவருடைய முதலாளி புளோம்ஃபீல்ட், அந்த ரெண்டு தலைக்காரனை ஞாபகம் இருக்கிறதா என்றுதான் கேட்டாராம்.

2000-களில், பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயிலின் பாதைக்காக மறுபடி தோண்டினார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்து 1806-ல் லண்டனில் இறந்த நார்பான் பேராயர் ஆர்தர் தில்லான் கிடைத்தார், பீங்கான் பல்செட்டோடு.

கேள்வி (ஈரோடு): இவ்வளவு அழகானதை இடிக்கப் பார்த்தார்கள் என்பது நிஜமா?

நிஜம். 1960-களில் விக்டோரியா காலம் என்றாலே முகம் சுளித்தார்கள். பக்கத்து யூஸ்டன் நிலையத்தின் பெரிய நுழைவாயில் வளைவை எதிர்ப்பையும் மீறி இடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்தச் சூட்டில்தான் கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் இதற்காகக் குரல் எழுப்பினார்கள். 1967-ல் முதல்தரப் பாதுகாப்புச் சின்னமானது. இப்போது மேல்தளத்தில் தொப்பியைப் பிடித்தபடி கூரையை அண்ணாந்து பார்க்கும் வெண்கலச் சிலை பெட்ஜமனுடையதுதான்.

சின்னம் என்று அறிவித்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1970-களில் உள்ளே இருந்த பெரிய கடிகாரத்தை ஓர் அமெரிக்கருக்கு விற்றார்கள், 2,50,000 பவுண்டு என்று பேச்சு. இறக்கும்போது கை தவறி விழுந்து சுக்குநூறு. ரயில் கார்டு ஒருவர் அந்தத் துண்டுகளை 25 பவுண்டுக்கு வாங்கிப்போய், நாட்டிங்காம்ஷயரில் தன் பண்ணைக் கொட்டகைச் சுவரில் பொறுமையாக ஒட்டவைத்து ஓடவிட்டார். பின்னால் நிலையத்தைப் புதுப்பித்தபோது, புதுக் கடிகாரத்துக்கு அளவெடுக்க டென்ட் கடிகாரக் கம்பெனிக்காரர்கள் அந்தக் கொட்டகைக்குத்தான் போனார்கள்.

கேள்வி (லண்டன், ஈஸ்ட்ஹாம்): அண்ணை, இரவில கிங்ஸ் கிராஸ் பக்கம் போகாதே எண்டு மாமா இப்பவும் சொல்லுறார். ஏன்?

மாமா சொல்வது 80-களின் கிங்ஸ் கிராஸ். நிலக்கரி வியாபாரமும் கேஸ் தயாரிப்பும் வழக்கொழிந்தபின் கிடங்குகள் காலியாகி, போதைமருந்தும் பாலியல் தொழிலுமாகப் பேர் கெட்டுக் கிடந்தது. 1987-ல் சுரங்க ரயில் நிலையத்தின் மர எஸ்கலேட்டரில் தீப்பிடித்து 31 பேர் இறந்ததும் அவர் மனதில் இருக்கும். இன்றைக்குப் பழைய தானியக் கிடங்கில் கலைக் கல்லூரி, நிலக்கரி இறக்கிய இடத்தில் கடைகள், கேஸ் தொட்டிகளின் இரும்புச் சட்டத்துக்குள் அடுக்குமாடி வீடுகள். பயப்பட வேண்டியது வீட்டு விலைக்குத்தான்.

கேள்வி (மும்பை, தாராவி): எங்கள் சி.எஸ்.டி. (சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம்) இதன் நகலா?

நகல் என்று சொல்ல மாட்டேன், உறவு உண்டு. ஃபிரெடரிக் ஸ்டீவன்ஸ் 1878-ல் வேலை தொடங்கியபோது இந்த நிலையம் அவர் கண்முன் இருந்தது. ஆனால் நடுக் குவிமாடமும் இந்தியச் சிற்ப வேலையும் இங்கே கிடையாது. ஸ்காட்டின் கைவண்ணமே வேண்டுமென்றால் உங்கள் ஊர் ராஜாபாய் கோபுரத்தைப் பாருங்கள். மும்பைக்கு வராமலே வரைந்து கொடுத்தார்.

கேள்வி (கோவை): அண்ணா, அரை நாள்தான் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தேவாலயத் தோட்டத்திலிருந்து. அங்கே கட்டடக்கலைஞர் ஜான் சோன் கல்லறையின் மேல்மூடியைப் பாருங்கள், லண்டனின் சிவப்பு டெலிபோன் பெட்டி நினைவுக்கு வரும். அதை வடிவமைத்த ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், நம் ஓட்டலை வடிவமைத்த ஸ்காட்டின் பேரன்! பழைய கல்லறைக் கற்கள் சூழ நின்ற, தாமஸ் ஹார்டி பெயரால் அழைக்கப்பட்ட மரம் 2022 டிசம்பரில் சாய்ந்துவிட்டது. பிறகு பிரிட்டிஷ் நூலகம்: மிட்லண்டின் பழைய சரக்கு முனையம் இருந்த இடம், நம் ஊர் நிர்வாகக் காகிதங்கள் அடங்கிய இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இருப்பதும் இங்கேதான். கடைசியாக நிலையத்தின் கீழ்த்தளம். யூரோஸ்டாருக்கு வரிசை நிற்கும் இடத்தில் இரும்புத் தூண்கள் தெரியும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நடந்து பாருங்கள், என் காலுக்கு ஆறு எட்டு.