தன் புரதத்தைத் தானே காட்டும் மூலக்கூறு

கேள்வி: ஐயா, என் அக்காள் மகளுக்கு 28 வயது. ஒரு கண்ணில் பார்வை மங்கி, பின்னர் கால்களும் மரத்துப்போயின. ஈப்போவில் ஸ்கேன் எடுத்தபோது, மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்றார்கள். நோயெதிர்ப்பு மூலக்கூறு உடலின் சொந்தப் புரதத்தைப் பிடித்துக் காட்டுவதால் வருவது என்று மருத்துவர் விளக்கினார். அந்த மூலக்கூறே கெட்டதா? என் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மூலக்கூறு கெட்டதன்று, சகோதரி. எச்.எல்.ஏ. எனப்படும் அம்மூலக்கூறுகளின் அன்றாட வேலையே, செல்லுக்குள் சிதைந்த புரதங்களின் துண்டுகளைத் தம் பள்ளத்தில் ஏந்தி, டி-செல்கள் எனும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களுக்குக் காட்டுவதுதான். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அன்றாடம் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்களாகவே இருப்பதைப் போல, அத்துண்டுகளிலும் பெரும்பாலானவை நம் உடலுக்கே உரியவை.

சொந்தத் துண்டை இறுகப் பற்றும் டி-செல்கள், நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியிலேயே பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. கேள்வி, சில எப்படித் தப்புகின்றன என்பதே. சுண்டெலிகளில், நரம்பின் மயலின் உறையிலுள்ள ஒரு புரதத்தின் முதல் 11 அமினோ அமிலத் துண்டை அவற்றின் எச்.எல்.ஏ. போன்ற மூலக்கூறு மிகத் தளர்வாகவே பிடிக்கிறது. தைமஸில் அத்துண்டு நிலைத்து நிற்காததால் அதற்குரிய டி-செல்கள் தப்பிப் பிழைத்து, பிற்பாடு தூண்டப்படும்போது மூளையைத் தாக்குகின்றன என்று விளக்குகிறார்கள். இக்கதையை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. இந்நோயின் அபாயத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்கும் எச்.எல்.ஏ-டி.ஆர்.பி.1*15:01 என்ற வகை, அதே புரதத்தின் 85 முதல் 99 வரையிலான துண்டை இறுகவே பிடிக்கிறது. ஆனால் ஒரு நோயாளியின் டி-செல் ஏற்பி, அதாவது துண்டைத் தொட்டறியும் டி-செல்லின் மேற்பரப்பு மூலக்கூறு, அதன்மேல் நடுவில் அமராமல் ஓரமாகச் சாய்ந்து அமர்வது 2005இல் தெரியவந்தது. பிடி தளர்ந்தது இங்கே மறுபக்கத்தில், அதாவது டி-செல்லின் பக்கத்தில் என்று கொள்ளலாம்.

மரபு மட்டும் போதாது. அமெரிக்க இராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்ட 2022ஆம் ஆண்டு ஆய்வில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் அபாயம் 32 மடங்கு உயர்ந்தது. அவ்வைரஸோ உலகில் பெரும்பாலோரிடம் உண்டு.

அந்த எச்.எல்.ஏ. வகை உடையவர்களிலும் மிகப் பெரும்பான்மையோருக்கு இந்நோய் வருவதேயில்லை. ஆகவே உங்கள் பிள்ளைகளுக்குப் பரிசோதனை தேவையில்லை, அச்சத்தைத்தான் அது தரும். அக்காள் மகளுக்கு மட்டும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் சோதனை செய்யப்பட்டதா? கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயைப் பிரித்தறிய அச்சோதனை உதவும்; அந்நோய் வெள்ளையரைவிட ஆசியர்களிடையே அதிகம் காணப்படுகிறது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்பெரான் போன்ற சில மருந்துகள் அதை மோசமாக்கக்கூடும்.