பாலையும் கடலும் ஒரே பயணத்தில்

கேள்வி: அக்டோபரில் என் கணவருடனும் மாமியாருடனும் எட்டு நாள் ஓமன் செல்ல விரும்புகிறேன். பாலைவனம், கடற்கரை, சலாலா மூன்றையும் பார்த்துவிட முடியுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: சலாலாவை இம்முறை விட்டுவிடுங்கள், சகோதரி. மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் அவ்வூரின் மலைகளைப் பசுமையாக்கும் 'கரீஃப்' பருவச் சாரல் செப்டம்பர் பிற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது.

அக்டோபர் தொடக்கத்தில் மஸ்கட்டில் பகல் வெப்பம் 35 டிகிரியை ஒட்டியே இருப்பதால், பெரியவரை உத்தேசித்து மாதக் கடைசிக்குப் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. மஸ்கட்டிலிருந்து கடலோரச் சாலையில், பாய்மரக் கப்பல் கட்டுவதற்குப் பெயர்பெற்ற சூர் நகருக்குச் சென்று இரண்டு இரவுகள் தங்குங்கள். அருகிலுள்ள ராஸ் அல் ஜின்ஸ் கரையில் பச்சை ஆமைகள் இரவில் முட்டையிட ஏறிவரும் காட்சியை வழிகாட்டியுடன் மட்டுமே பார்க்கலாம். அங்கே கைவிளக்கோ கேமரா வெளிச்சமோ வேண்டவே வேண்டாம், அவை ஆமைகளை மிரட்டித் திருப்பிவிடும்.

அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் வஹிபா மணற்பரப்பு. ஓர் இரவு போதும். சக்கரங்களில் காற்றைக் குறைத்து மணலில் ஓட்டிப் பழகாதவர்கள் பித்தியா ஊரில் உள்ளூர் ஓட்டுநரை அமர்த்திக்கொள்ள வேண்டும். திரும்பும் வழியில் நிஸ்வாவின் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மஸ்கட்–சூர் கடலோரச் சாலையில் வரும் வாதி ஷாப் பள்ளத்தாக்கில் பாறைகளின் மேல் நெடுநேரம் நடக்க வேண்டியிருப்பதால் மாமியாருக்கு அது ஒத்துவராது. மழை அறிகுறி இருந்தால் நீங்களும் அதனுள் இறங்காதீர்கள், ஏனெனில் எங்கோ மலையில் பெய்த மழை அங்கே திடீர் வெள்ளமாகப் பாயும்.