மலை உச்சி ஏரிக்கு நடைப்பயணம்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: ஏரிக்கு 8 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்கிறார்கள். தினமும் காலையில் 8 கிலோமீட்டர் நடக்கிறவன் நான். பத்து மணிக்குக் கிளம்பினால் போதாதா?

பதில்: போதாது. சமவெளி நடையை வைத்து மலையைக் கணக்குப் போடாதீர்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறது, அதுவும் எங்கும் நிற்காமல் நடந்தால். தண்ணீர் குடிக்க, படம் எடுக்க, மூச்சு வாங்க என்று சேர்த்தால் நாலு. ஏரிக்கரையில் ஒரு மணி நேரம், இறங்க மூன்று. பத்து மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர மாலை ஆறு ஆகிவிடும். காட்டுக்குள் இருட்டு முந்திக்கொண்டு வரும், வேரும் கல்லும் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, பல மலைகளில் கோடைக்கால இடிமழை பிற்பகலில்தான் பிடிக்கும். மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் மின்னலுக்கு நீங்கள்தான் உயரமான பொருள். ஆறு மணிக்கே கிளம்புங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஏரி எதிரே தெரிந்தாலும் சரி, அந்த நேரம் வந்தால் திரும்பத்தான் வேண்டும். நான் பார்த்தவரை சிக்கலில் மாட்டியவர்களில் பலர் "இன்னும் பத்து நிமிடம்தானே" என்றவர்கள்தான்.

கேள்வி: அடிவாரத்தில் வெயில் கொளுத்தும்போது கம்பளிச் சட்டை எதற்கு?

பதில்: 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். ஏரிக்கரையில் காற்றைத் தடுக்க மரமும் இருக்காது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை அங்கே ஐஸ் துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஏறும்போது மெல்லியதாகப் போடுங்கள், நின்றவுடன் கம்பளியை எடுத்து மாட்டுங்கள். நடுக்கம் வந்த பிறகு போடுவது தாமதம்.

கேள்வி: ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா?

பதில்: கூடாது. ஜியார்டியா போன்ற குடல் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. நன்றாகக் கொதி வந்தபின் இன்னும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம்.

கேள்வி: சில ஏரிகள் மட்டும் ஏன் பால் கலந்த நீலப்பச்சையாக இருக்கின்றன?

பதில்: மேலே பனியாறு இருப்பதால். அது பாறையை மாவாக அரைத்து நீரில் விடுகிறது. அந்தத் தூள் கீழே படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. நம் வீட்டு ஆட்டுக்கல் வேலைதான், அளவு மட்டும் பெரிது.

கேள்வி: எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும் அண்ணா. குதிக்கலாமா?

பதில்: தெரியும் என்று நானும் ஒருமுறை குதித்தேன். தலை மேலே வந்தபோது மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விட முடியவில்லை. கை தானாக அடித்துக்கொண்டது. மூன்று முழ தூரத்தில் இருந்த பாறை மூன்று மைல் போல இருந்தது. பனி உருகிய நீரில் முதல் நிமிடம் உடம்பு நம் பேச்சைக் கேட்காது. நீச்சல் தெரிந்தவர்களும் அந்த ஒரு நிமிடத்தில் தண்ணீரை உள்ளே இழுத்துவிடுகிறார்கள். ஆசையாக இருந்தால் கரையோரமாக, ஆள் துணையோடு, மெல்ல இறங்குங்கள். குதிக்காதீர்கள்.

கேள்வி: மேலே போனதும் தலைவலியும் குமட்டலும் வந்தால்?

பதில்: 2500 மீட்டருக்கு மேல் என்றால் உயரத்தால் வரும் நோய் என்றே முதலில் நினையுங்கள். அதற்குமேல் ஏறாதீர்கள். ஓய்வெடுத்தும் குறையவில்லையா, இறங்குங்கள். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே இறக்க வேண்டும். தனியாக அனுப்பாதீர்கள்.

கேள்வி: இந்தப் பயணத்துக்கென்றே புது ஷூ வாங்கியிருக்கிறேன்.

பதில்: சரி, அதை வீட்டில் வையுங்கள். பழையதைப் போடுங்கள்.